இதயத்துக்குள்ளும் ஒரு ஸ்டாண்ட்பை

கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும். அது தாங்கும் நேரத்துக்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டும் ஆபரேஷன் தியேட்டரும் இந்த நம்பிக்கையில்தான் நடக்குது.

சரி, இதயத்துக்கே கரண்ட் போனால்?

அதுக்கும் ஜெனரேட்டர் உண்டு. ஒன்றல்ல, இரண்டு. ஆனால் அது கிளம்ப எத்தனை நொடி ஆகுது என்பதில்தான், நடந்து போய்க்கொண்டிருந்தவர் தொடர்ந்து நடப்பதும் அப்படியே சரிவதும் இருக்கு.

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் பொறுமையாகப் படிங்க.

என் தம்பி சென்னையில் நெட்வொர்க் இன்ஜினியர். அவனுக்கும் என்னை மாதிரியே நைட் டூட்டி. ஒருமுறை பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். நடுராத்திரி மொட்டை மாடியில் நின்று போனில் கத்துறான்: "ஹார்ட்பீட் வரலையா? எவ்வளவு நேரமா வரல? ஸ்டாண்ட்பை எடுத்துக்கிச்சா இல்லையா?"

நான் அடிச்சுப் பிடிச்சு மேலே ஓடினேன். "யாருடா? என்ன வயசு?"

"அக்கா... ரவுட்டர்க்கா."

அன்னைக்கு ராத்திரி அவன் சொன்னதைக் கேட்டபோது, எனக்கு மூன்றாம் வருஷத்தில் மனப்பாடம் செய்த இதயப் பாடம் முதல் தடவையாகப் புரிந்த மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

வங்கி, ரயில் டிக்கெட் முன்பதிவு, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை இதெல்லாம் நிற்கக் கூடாத நெட்வொர்க்குகள். அங்கே முக்கியமான இடத்தில் ஒரு ரவுட்டரை மட்டும் வைக்க மாட்டார்கள். இரண்டு வைப்பார்கள். ஒன்று வேலை செய்யும், அது ஆக்டிவ். இன்னொன்று மின்சாரம் கொடுக்கப்பட்டு, எல்லா விவரமும் ஏற்றப்பட்டு, சும்மா இருக்கும். அது ஸ்டாண்ட்பை.

சும்மா இருக்கும் என்று சொன்னது தப்பு. அது காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆக்டிவ் ரவுட்டர் 3 நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கேன்" என்று ஒரு சின்ன செய்தி அனுப்பும். இப்படி அனுப்புவதைத்தான் பொதுவாக ஹார்ட்பீட் என்கிறார்கள். ஒவ்வொரு முறை அது வந்து சேரும்போதும், ஸ்டாண்ட்பை தன் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி வைக்கும். 10 நொடி ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், "அவர் போயிட்டார்" என்று முடிவு கட்டி, ஆக்டிவ் ரவுட்டரின் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். டிக்கெட் போடுகிற உங்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. இந்தக் கை மாறுதலுக்குப் பெயர் ஃபெயில்ஓவர். 3 நொடி, 10 நொடி என்பது பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் ஆரம்பத்திலேயே வைத்துக் கொடுக்கிற அளவு. தேவைக்கேற்ப குறைத்துக்கொள்ளலாமாம்.

"ஏன்டா 10 நொடி? ஒரு தடவை வரலைன்னா உடனே எடுத்துக்க வேண்டியதுதானே?"

"ஒரு செய்தி வழியில தொலைஞ்சு போயிருக்கலாம்க்கா. அவசரப்பட்டா உயிரோட இருக்கறவருக்கே டெத் சர்டிபிகேட் எழுதிடுவோம். ரொம்பக் காத்திருந்தா அவ்வளவு நேரமும் எல்லாம் நிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க பொழப்பு."

எங்க பொழப்பும் அதேதான்டா என்றேன்.

இப்போ இதயத்துக்கு வருவோம்.

இதயத்தின் வலது மேலறையில் உச்சியில் ஒரு சின்னத் திசுக் கொத்து இருக்கு. சைனஸ் நோடு. 1907இல் கீத், ஃப்ளாக் என்ற இருவர் விவரித்தது. இதில் ஃப்ளாக் அப்போது மருத்துவ மாணவர். இதுதான் ஆக்டிவ். நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை அனுப்பும்.

அந்த மின்துடிப்பு கீழறைகளுக்குப் போக ஒரே ஒரு வழிதான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஏவி நோடு என்ற சந்திப்பு, அதற்குக் கீழே ஒரு மெல்லிய கேபிள் மாதிரியான தசைநார்க் கட்டு. இந்த ஏவி சந்திப்புப் பகுதிக்கும் தானாகத் துடிக்கத் தெரியும், நிமிஷத்துக்கு 40 முதல் 60. அதுவும் கைவிட்டால் கீழறையே தன்னந்தனியாகத் துடிக்கும், 20 முதல் 40.

அப்போ மூன்று பேரும் சேர்ந்து துடித்தால் குழப்பம் வராதா? வராது. ஏன் என்பதுதான் அழகு. மேலே இருப்பவர் வேகமானவர். அவர் அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் கீழே போகும்போது, கீழே இருப்பவரின் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடும். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். மறுபடி பூஜ்ஜியம். ஆயுசு முழுக்க இப்படியே. என் தம்பியின் ரவுட்டர்கள் செய்வதும் எழுத்துக்கு எழுத்து இதேதான். யாரும் யாருக்கும் "நீ ஸ்டாண்ட்பை" என்று நியமன ஆணை கொடுக்கவில்லை. மெதுவாக இருப்பதாலேயே அவர் ஸ்டாண்ட்பை.

ஆனால் இதில் ஒரு சிக்கல். ரவுட்டர் பத்து வருஷம் சும்மா இருந்தாலும் 10 நொடியில் எழுந்துவிடும். இதயத்தின் ஸ்டாண்ட்பை அப்படி இல்லை. வேகமான ஒருவரால் அடக்கப்பட்டே பழகிய செல்கள், அந்த ஆள் திடீரென்று நின்றால் உடனே துடிக்காது. கொஞ்ச நேரம் விழிக்கும். அப்புறம் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று. பிறகுதான் சீராகும்.

அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு? சில பேருக்கு 2 நொடி, தலை லேசாகச் சுற்றும், அவ்வளவுதான். சில பேருக்கு 10 நொடி. மூளைக்கு ரத்தம் போகாமல் 10 நொடி இருந்தால் நினைவு தப்பிவிடும். இன்னும் நீண்டால் கைகால் வெட்டி இழுக்கும். ஸ்டாண்ட்பை எழாமலே போனால்... சொல்ல வேண்டியதில்லை.

இந்த மயக்கத்துக்கு ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் தாக்கு என்று பெயர். டப்ளின் நகரத்து மருத்துவர்கள் இரண்டு பேர். ஆடம்ஸ் 1827இல் எழுதினார், ஸ்டோக்ஸ் 1846இல். இசிஜி என்ற ஒன்றே இல்லாத காலம். நாடியைப் பிடித்தே, மயக்கத்துக்குக் காரணம் தலையில் இல்லை, நெஞ்சில் இருக்கு என்று சொன்னவர்கள். அந்த விரல்களுக்கு ஒரு கும்பிடு.

நான் தென்மாவட்டம் ஒன்றில் தாலுகா மருத்துவமனையில் இருந்தபோது ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆடு மேய்ப்பவர். எழுபதைத் தாண்டியவர். "மூணு மாசத்துல நாலு தடவை விழுந்துட்டாரு டாக்டர், கைகால் வெட்டுது" என்றார் மகள். பெரியவர் கையில் சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்கிற நம் ஊர் வழக்கம். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள், வலிப்பு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். மாத்திரை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். தவறாமல் விழுந்தும் இருக்கிறார்.

சாவிக்கொத்தை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கையையே பிடித்தேன். நாடி 34.

இசிஜியில் மேலறை தன் போக்கில் நிமிஷத்துக்கு 80. கீழறை தன் போக்கில் 34. ஒருவருக்கு ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லை. முழு இதய அடைப்பு. பயந்துடாதீங்க, இது மாரடைப்பு வேற. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடும். இதில் மின்கம்பி அறுந்து போகும். மேலே ஆக்டிவ் நல்லாத்தான் இருக்கார், பாவம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். குரல்தான் கீழே வந்து சேரல.

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் கண் மேலே சொருகியது. திரையில் கீழறைக் கோடு தட்டை. நர்ஸ் சிஸ்டர் நெஞ்சில் கை வைக்கப் போன நேரத்தில் ஒரு துடிப்பு. ஒரு மூச்சு. இன்னொரு துடிப்பு. வெளுத்துப் போயிருந்த முகம் குப்பென்று சிவந்தது. கண்ணைத் திறந்து, "என்ன தாயி, எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீக?" என்றார். விழுந்ததே அவருக்குத் தெரியாது. அந்த நொடிகளில் ஸ்டாண்ட்பை யோசித்துக்கொண்டிருந்தது.

மருந்தை டிரிப்பில் ஓடவிட்டு, 108இல் ஏற்றி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானும் கூடவே போனேன். வழியில்தான் பேஸ்மேக்கர் பற்றிச் சொன்னேன். அவர் ஒத்துக்கவே இல்ல.

"அந்த மிஷினை வச்சா நான் செத்த பெறகும் அது இடிச்சுக்கிட்டே கெடக்குமாமே தாயி?"

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. படித்தவர்களும் கேட்கிறார்கள். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்: "ஐயா, அது நீங்க ஆட்டை அதட்டுற குரல் மாதிரி. ஆடு உயிரோட இருந்தாத்தானே எந்திரிக்கும்?" பேஸ்மேக்கர் சுருக்குவதில்லை, சைகை மட்டும்தான் கொடுக்கும். தசைக்கு உயிர் இல்லை என்றால் சைகையால் ஒன்றும் ஆகாது. பெரியவர் சிரித்துவிட்டார். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வைத்தார்கள். கையிலிருந்து பெரிய செலவு இல்லை.

(ஒரு குறிப்பு, சங்கடமானதுதான். பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தால், தகனம் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அதை எடுத்துவிட வேண்டும். தீயில் பேட்டரி வெடிக்கும். அடக்கம் என்றால் இந்த ஆபத்து இல்லை.)

உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரின் கதையிலும் ஒரு ஸ்டாண்ட்பை வருது. 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம். ஆர்னே லார்சன் என்பவருக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை இந்த மயக்கம். அவர் மனைவி எல்ஸ்-மேரி விடாமல் நச்சரித்து, டாக்டர் சென்னிங்கையும் இன்ஜினியர் எல்ம்க்விஸ்டையும் செய்ய வைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசின் ஊற்றிச் செய்த கருவி அது. சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. நல்லவேளையாக இரண்டாவதாக ஒன்றும் தயாராக இருந்தது. லார்சன் அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். இறந்ததும் இதயத்தால் அல்ல, தோல் புற்றுநோயால். அப்போது வயது 86.

அந்தக் காலத்துப் பேஸ்மேக்கருக்கு ஒரு குறை இருந்தது. அதற்குக் காது கிடையாது. இதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆக்டிவ். இதயம் ஒரு துடிப்பு முடித்து ஆசுவாசப்படும் அந்தக் குறிப்பிட்ட தருணத்தில் தட்டு விழுந்தால், தாளமே கெட்டு உயிருக்கு ஆபத்தான நடுக்கம் வரலாம்.

என் தம்பி உலகத்தில் இதற்கு 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்று பெயர். ஆக்டிவ் நல்லாவே இருக்கும், நடுவில் இருக்கும் கம்பி மட்டும் போயிருக்கும். ஹார்ட்பீட் வராததால் ஸ்டாண்ட்பை தானும் தலைவராகிவிடும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத் தலைவர், இரண்டு வரவு செலவு நோட்டு.

நடந்த கதை ஒன்று சொல்றேன். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் இடம் கிட்ஹப். 2018 அக்டோபர் 21, அமெரிக்கக் கிழக்குக் கரையில் வழக்கமான பராமரிப்பு வேலையின்போது ஓர் இணைப்பு 43 நொடி அறுந்தது. 43 நொடிதான். அதற்குள் தானியங்கி அமைப்பு, "கிழக்கு போயிடுச்சு" என்று மேற்குக் கரை தரவுத்தளத்தைத் தலைவராக்கிவிட்டது. இணைப்பு திரும்பி வந்து பார்த்தால், கிழக்கில் எழுதப்பட்ட கொஞ்சம் மேற்கில் இல்லை, மேற்கில் எழுதப்பட்டது கிழக்கில் இல்லை. இரண்டு நோட்டையும் ஒப்பிட்டு எல்லாம் ஒழுங்காவதற்கு 24 மணி நேரம் 11 நிமிஷம் ஆனது. செத்துப் போனதால் வந்த கஷ்டம் இல்லை இது. சாகாதவரைச் செத்தார் என்று நினைத்ததால் வந்தது.

அதனால் அவர்கள் பல தற்காப்புகள் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சாட்சியைக் கேட்டு, பெரும்பான்மை இருந்தால்தான் பதவி ஏற்பது. இல்லையென்றால் பதவி ஏற்பதற்கு முன் பழைய தலைவரின் மின்சாரத்தையே துண்டித்துவிடுவது. இந்த இரண்டாவது முறைக்கு ஆங்கிலத்தில் 'அடுத்தவன் தலையில் சுடு' என்கிற மாதிரி ஒரு பெயர் இருக்காம். இன்ஜினியர்களின் நகைச்சுவை டாக்டர்களுடையதை விட மோசம். நம் வீட்டு சேஞ்ச்ஓவர் ஸ்விட்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் போட முடியாதபடி கைப்பிடியே தடுக்கும்.

பேஸ்மேக்கரின் காதைத் திறந்தவர் பெர்க்கோவிட்ஸ் என்ற இன்ஜினியர், 1960களில். தேவைப்பட்டால் மட்டும் தட்டும் பேஸ்மேக்கர். இதயம் தானாகத் துடித்தால் அதைக் கேட்டுக் கடிகாரத்தைப் பூஜ்ஜியமாக்கி, வாய் மூடி இருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் ஒரு தட்டு. இன்று வைக்கப்படுபவை இந்த வழியில் வந்தவைதான். ஆக, மயக்கம் எப்போதாவது வருபவரின் பேஸ்மேக்கர் நாள் முழுக்கப் பெரும்பாலும் சும்மாவே இருக்கலாம். "சும்மா இருக்குதே, வீணா வச்சுட்டாங்களோ" என்று நினைக்காதீங்க. அது கேட்டுக்கிட்டு இருக்கு.

இப்போ நீங்க கேட்க வேண்டிய கேள்வி: அந்தக் காது சரியாக் கேட்குதா என்று யார் பார்ப்பது?

2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச் சந்தை நாள் முழுக்கத் திறக்கவில்லை. ஒரு சேமிப்புக் கருவியின் மெமரி பழுது. அதற்கு ஜோடியாக இன்னொரு கருவி பக்கத்திலேயே, நல்ல நிலையில் இருந்தது. கை மாறவில்லை. இந்த வகைப் பழுது வந்தால் உடனே மாறு என்கிற அமைப்பு அதில் செயலில் இல்லை. கருவியின் நடத்தை புதிய வகையில் மாறியிருந்தது, கையேட்டில் பழையபடியே எழுதியிருந்தது. கையேட்டை நம்பினார்கள். இந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கி, மாறுகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சந்தையின் தலைவர் அடுத்த மாதம் ராஜினாமா செய்தார்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் நான் கோபப்படுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். வைத்துக்கொண்டு போனவர்களில் நிறைய பேர் செக்கப்புக்கு வருவதில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார்கள். செக்கப்பில் என்ன செய்கிறோம்? கருவியை வெளியிலிருந்தே கேட்டு, கம்பி நகர்ந்திருக்கா, இதயத்தின் சத்தம் அதற்குக் கேட்குதா, அது தட்டினால் இதயம் பணியுதா, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். பேட்டரி திடீரென்று ஒரே நாளில் நிற்காது. மாதக்கணக்கில் முன்பே சொல்லும். கேட்பதற்கு நீங்க வந்தால்தானே?

எல்லாம் சரி, வீட்டில் என்ன பார்க்கணும்?

பிபி மிஷினில் மூன்று எண் வரும். எல்லாரும் மேலே இருக்கும் இரண்டைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள். மூன்றாவதுதான் நாடி. மிஷின் இல்லாவிட்டால் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. 50க்குக் கீழே இருந்து, கூடவே தலைசுற்றல், மயக்கம், படியேறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி இருந்தால் அன்றே இசிஜி எடுங்க. நன்றாக ஓடி விளையாடுபவர்களுக்கும் தூக்கத்திலும் 50க்குக் கீழே போகலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

வெயிலில் நின்று, வியர்த்து, வயிறு பிரட்டி, கண் இருட்டி, அப்புறம் விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ, அடிபடும்படி விழுந்து, சில நொடியில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுவது வேற. வெளுத்த முகம் சிவந்தால் இன்னும் சந்தேகப்படுங்க. வயதானவருக்கு முதல்முறையாக 'வலிப்பு' வந்தால் தலை ஸ்கேனோடு நிறுத்தாமல் இசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

"இசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்றால், இணைப்பு விட்டு விட்டு அறுபடும் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் அது ஒட்டிக்கொள்ளும். இவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்ட்பை உறக்கத்திலிருந்து எழணும் இல்லையா? இவர்களுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்ட்டர் பரிசோதனை தேவைப்படலாம்.

மாத்திரைப் பையையும் எடுத்துட்டு வாங்க. பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடியைக் குறைக்கும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்துகூடக் குறைக்கும். "கண்ணுக்குப் போடறது தானே" என்று யாரும் சொல்வதில்லை, நாங்கதான் கேட்கணும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்திடாதீங்க.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் செல்போனைச் சட்டைப் பையில், அது இருக்கும் பக்கம் வைக்க வேண்டாம். 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்க. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலிலேயே சொல்லிடுங்க. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை பீரோவில் இருந்து பிரயோஜனம் இல்லை. பர்ஸில் இருக்கணும்.